உப்புப் போட்ட கம்பளம்

நாற்பத்தொன்பது வயதில் ஒரு மனிதனுக்கு இப்படியெல்லாம் ஆகக் கூடாது. ஆனால் நிக்கலஸுக்கு ஆகிவிட்டது, இனி என்ன செய்ய? திருகோணமலைத் துறைமுகத்தில் இளந்தாரிக் காலத்திலிருந்து லோஞ்ச் என்கிற இயந்திரப் படகு ஓட்டுகிற மனிதர். கண்ணைக் கட்டிவிட்டாலும் பூப்போல இறங்குதுறையில் கொண்டுபோய் அணைத்துவிடுவார் என்று பேர். அப்பேர்ப்பட்டவர் அந்தத் திங்கட்கிழமை காலையில், நல்ல வெளிச்சத்தில், இரண்டு கண்ணும் திறந்திருக்க, லோஞ்சைக் கொண்டுபோய் இறங்குதுறையில் இடித்தார். இடித்துவிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

"அண்ணை, உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கூட வேலை செய்கிற ஜெயந்தன் கேட்டான்.

"ஞாயிற்றுக்கிழமை அவ வாறா" என்றார் நிக்கலஸ்.

அவ என்றால் இன்பமலர். தபால் கந்தோரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து முத்திரை விற்கிறவர். நாற்பத்து நான்கு வயது, கலியாணம் ஆகவில்லை, சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும். நிக்கலஸுக்குக் கடிதம் எழுத உலகத்தில் ஒரு ஆளும் கிடையாது. ஒரே தங்கச்சி கனடாவில், அவளோடு கதையெல்லாம் வட்ஸ்அப்பில்தான். ஆனாலும் ஒரு வருடமாக மனிதர் முத்திரை வாங்கிக்கொண்டே இருந்தார். அலுமாரி லாச்சி முழுக்க முத்திரை. வேலை முடிந்தால் குளித்து, தலை சீவி, ஜெயந்தன் கட்டாரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த சென்ற் என்கிற வாசனைத் தண்ணீரைக் கழுத்திலும் கையிலும் தாராளமாக அடித்துக்கொண்டு வரிசையில் போய் நிற்பார். முன்னுக்கும் பின்னுக்கும் நிற்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

கடைசியில் ஒருநாள், வரிசையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து, மனிதர் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார். இன்பமலர் முத்திரைத் தாளை ஒழுங்காக மடித்து வைத்தார். பிறகு கண்ணாடியில் இருக்கிற ஓட்டைக்குக் கிட்டக் குனிந்தார்.

"எனக்கு இழுப்பு இருக்குது, தெரியுமோ?"

"தெரியாது மிஸ்."

"தூசி, புகை, வாசம் ஒண்டும் ஒத்துக்கொள்ளாது. முன்னம் ஒரு இடத்தில கலியாணம் பேசினவை. வீட்டைக் கழுவி, மணக்கிற தண்ணியெல்லாம் தெளிச்சுப்போட்டு என்னைக் கூப்பிட்டவை. நான் அங்க இருந்து நேர ஆசுப்பத்திரிக்குத்தான் போனனான். பிறகு நோய்க்காரி எண்டு சொல்லிப்போட்டினம்." அதைச் சொல்லும்போது அவர் நிக்கலஸைப் பார்க்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய உங்கட வீட்டை வாறன். அங்க இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சு, பம்ப் அடிக்காமல் திரும்பி வர ஏலுமெண்டால், ஓம். ஏலாட்டி, நீங்கள் கோவிக்கக் கூடாது."

பம்ப் என்றால் மூச்சு முட்டினால் வாயில் வைத்து அடிக்கிற மருந்து. அவரது கைப்பைக்குள் எப்போதும் இருக்கும். ஆக, நிக்கலஸின் தலையெழுத்து இப்போது அந்தச் சின்னக் குழாய்க்குள் போய்விட்டது. மனிதருக்கு அதுவே பெரிய சந்தோசம். வீடு திரும்பும்போது சைக்கிளைத் தபால் கந்தோரிலேயே மறந்துவிட்டு நடந்து வந்தார்.

வீடு உட்துறைமுக வீதிக்குப் பின்னால் ஒரு ஒழுங்கைக்குள். இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு கிணறு. நான்கு கதிரை இருக்கிறது, நான்கும் நான்கு விதம். அந்த வீட்டில் வடிவான சாமான் என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அது விறாந்தை முழுக்க விரித்துக் கிடந்த கம்பளம். எப்போதோ துறைமுகத்துக்கு வந்த கப்பலொன்றில் கப்டனின் அறைக்குப் புதுசு போட்டபோது பழையதைச் சுருட்டி லோஞ்சுக்குள் போட்டுவிட்டார்கள். அசல் கம்பளி. சிவப்பு நிறம் என்று நிக்கலஸ் சொல்வார். அதில் எத்தனையோ வருடமாக அவர் நண்டுக் கறி தின்றிருக்கிறார், டீசல் காலோடு நடந்திருக்கிறார், சிகரட்டை விடுவதற்கு முந்திய காலத்துச் சாம்பலும் அதற்குள்தான். மனிதருக்கு அதன் மணம் பழகிப்போய்விட்டது.

பக்கத்து வீட்டு அன்னலட்சுமி அக்காவுக்குப் பழகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரும் வந்து இருக்க வேண்டும், ஒரு பொம்பிளை தனியாக வந்து போனால் ஒழுங்கை முழுக்கக் கதைக்கும் என்று நிக்கலஸ் கூப்பிடப் போனார். அன்னலட்சுமி வந்து வாசலில் நின்று ஒருமுறை மூச்சை இழுத்தார்.

"தம்பி, இது காப்பெட் இல்லை, கருவாடு காயப்போடுற வாடி. அந்தப் பிள்ளை படியில கால் வைக்க முதலே விழுந்திடும்."

அவ்வளவுதான், நிக்கலஸ் அடுத்த நாளே வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கிண்ணியாவுக்குப் பஸ் ஏறினார். கிண்ணியாவில் றிகாஸின் கடையில் இல்லாத சாமான் இல்லை. ஊசியிலிருந்து தண்ணீர்த் தாங்கி வரைக்கும் வைத்திருப்பான். நிக்கலஸ் கம்பளம் கழுவ ஏதாவது வேண்டும் என்று கேட்டார்.

"வாங்க அண்ணன். காப்பெட் கழுவவா? வீட்டில ஏதும் விசேசமா?"

"ஓம், ஒரு ஆள் வருது."

றிகாஸ் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டான். ஆகச் சிறந்ததை எடுத்து மேசையில் வைத்தான். நுரை வருகிற தகரப் போத்தல். அதன் முன்பக்கத்தில் ஒரு றோசாத் தோட்டம், தோட்டத்துக்கு நடுவில் ஒரு கம்பளம், கம்பளத்தில் ஒரு குழந்தை புரண்டு சிரித்துக்கொண்டிருந்தது. "இத அடிச்சா மூணு வீட்டுக்கு மணக்கும் அண்ணன்" என்றான். மணந்தால் துப்புரவு, நாறினால் அழுக்கு. நிக்கலஸுக்கும் றிகாஸுக்கும் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கும் தெரிந்த கணக்கு இவ்வளவுதான். மனிதர் இரண்டு போத்தல் வாங்கினார். பின்பக்கத்தில் எறும்பு மாதிரி ஏதோ எழுதியிருந்தது. அதை யார் வாசிக்கிறது?

வீட்டுக்கு வந்து அடித்தார். றிகாஸ் பொய் சொல்லவில்லை. றோசா மூன்று வீட்டுக்கும் போனது. கருவாட்டு மணம் மட்டும் போகவில்லை, அது றோசாவுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. நிக்கலஸ் தும்மத் தொடங்கினார். ஒரு நோயும் இல்லாத, கடல் காற்றில் ஊறிய மனிதர், யன்னலைப் பிடித்துக்கொண்டு கண்ணால் தண்ணீர் வடியத் தும்மினார். வேலிக்கு அந்தப் பக்கம் அன்னலட்சுமி இருமுகிற சத்தம் கேட்டது. எனக்கே இப்படியென்றால் அவவுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தபோதுதான் மனிதருக்கு உண்மையில் பயம் வந்தது.

அன்னலட்சுமி சும்மா இருக்கிற ஆளா? கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூளை ஒரு சிரட்டையில் அள்ளிக்கொண்டு வந்தார். "கிணத்தில கிருமியையே கொல்லுது. இதையும் கொஞ்ச வினாகிரியையும் சேத்து ஊத்தினால் ஒரு மணமும் நிக்காது" என்றார். நல்லவேளை, வீட்டில் வினாகிரி இருக்கவில்லை. கதிரைக்குக் கீழே போகிற மூலையில் தூளை மட்டும் கரைத்துத் தடவிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த மூலை மஞ்சளாகியது. தொட்டால் கம்பளி பிட்டுப் பிட்டாகக் கையோடு வந்தது. மணத்தைக் கொல்லும் என்று பார்த்தால் கம்பளத்தையல்லவா கொன்றுகொண்டிருந்தது.

அன்னலட்சுமி சிரட்டையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். பிறகு நிக்கலஸ் நெஞ்சை நிமிர்த்தினார்.

"விடுங்கோ அக்கா. எனக்குத் தெரிஞ்ச மாதிரி நான் கழுவுறன்."

அவருக்குத் தெரிந்த மாதிரி என்றால் எந்த மாதிரி? லோஞ்ச் கழுவுகிற மாதிரிதான். ஓட்டோவில் கம்பளத்தை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். வாளி வாளியாகக் கடல் தண்ணீரை அள்ளி ஊற்றினார். தும்புத் தூரிகையால் தேய்த்தார், ஊற்றினார், தேய்த்தார். துறைமுகத்தில் பிழைக்கிறவர்களுக்குக் கடல்தான் குழாய்த் தண்ணீர். லோஞ்சின் தளத்தை அதில்தான் கழுவுவார்கள், கயிற்றை அதில்தான் கழுவுவார்கள், சேறு பட்ட காலையும் அதில்தான். ஒருநாளும் பிழையாகிப் போனதில்லை. கறுப்புத் தண்ணீர் ஓடியது, பிறகு பழுப்பு, பிறகு தெளிவு. கம்பளத்தைப் பாறையில் விரித்தார். கச்சான் காற்று சுள்ளென்று வீசிக்கொண்டிருந்தது. வெயிலும் காற்றுமாகச் சேர்ந்து பின்னேரத்துக்குள் காய வைத்துவிட்டன.

அப்போதுதான் அவர் அதைக் கண்டார். சிவப்புக்கு நடுவில் நீலப் பூக்கள் இருந்தன. இத்தனை வருடமாகத் தன் வீட்டில் பூ இருந்தது அவருக்கே தெரியாது. மனிதர் பாறையில் குந்தியிருந்து ஒவ்வொரு பூவாகத் தொட்டுப் பார்த்தார். மூக்கை வைத்து மணந்தார். ஒன்றும் இல்லை, கடல் மட்டும். சந்தோசத்தில் ஓட்டோக்காரனைக் கட்டிப்பிடித்தார், அவன் விடுங்கோ ஐயா என்று கத்தும்வரை விடவில்லை.

அன்றைக்கு அந்த நீலப் பூக்களைப் பார்த்தபடியே சாப்பிட்டார், கம்பளத்தில் உட்கார்ந்து அல்ல, கதிரையில் உட்கார்ந்து. காலையில் எழும்பி அதில் கால் வைத்தார். ஈரம்.

கூரையைப் பார்த்தார், ஓடு உடையவில்லை. கிணற்றடி வாளியைப் பார்த்தார், அது அங்கேயே இருந்தது. கம்பளத்தை முற்றத்தில் போட்டுக் காய வைத்தார். காய்ந்தது. உள்ளே கொண்டுவந்து விரித்தார். பொழுதுபட்டதும் மறுபடி ஈரம். அடுத்த நாள் வெயிலில் கருவாடு மாதிரி மொறுமொறுக்கக் காய்ந்தது, அன்றிரவும் நசநசத்தது. வெள்ளிக்கிழமை அதற்குள்ளிருந்து ஒரு பூஞ்சணம் பிடித்த வாடை எழும்பத் தொடங்கியது. இழுப்புக்காரருக்கு அதைவிடக் கெட்ட வாடை இல்லை. அன்னலட்சுமி வந்தார், குனிந்தார், ஒரு விரலால் தடவி நாக்கில் வைத்தார்.

"தம்பி, எதில கழுவினாய்?"

"கடலில."

அன்னலட்சுமி தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே படியில் இருந்துவிட்டார். "குசினியில உப்புப் போத்தல் வேர்க்கிறதைக் கண்டதில்லையோ? உப்பு கிடக்குமட்டும் இது ஈரத்தை இழுத்துக்கொண்டுதான் இருக்கும். கருவாடு மாதிரி மணக்குது எண்டுதானே சொன்னனான். அதுக்கு நீ உப்பும் போட்டு வச்சிருக்கிறாய்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நிக்கலஸ் சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சட்டையை மாற்றி, பழக்கதோசத்தில் சென்றையும் அடித்துக்கொண்டு, நேரே தபால் கந்தோருக்குப் போனார். வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதென்ற முடிவோடுதான் போனார். இன்பமலரை ஆசுப்பத்திரிக்கு அனுப்பிய இரண்டாவது மனிதன் என்ற பேர் தனக்கு வேண்டாம்.

கண்ணாடி ஓட்டைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் ஒப்புவித்தார். றோசாவையும் சொன்னார், குளோரினையும் சொன்னார். வினாகிரி என்ற இடத்தில் இன்பமலர் எழும்பி நின்றுவிட்டார்.

"ரெண்டையும் சேத்தனீங்களோ?"

"இல்லை மிஸ். வினாகிரி இருக்கேல்லை."

"தப்பினீங்கள். ரெண்டும் சேந்தால் நச்சுப் புகை. எனக்கில்லை, உங்களுக்கே மூச்சு நிண்டிருக்கும்." இருந்துகொண்டு ஒரு பெருமூச்சு விட்டார். "பிறகு?"

கடலைச் சொன்னார். இன்பமலர் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. கந்தோரே திரும்பிப் பார்க்கச் சிரித்தார். கன்னத்தில் குழி விழுந்தது. வரவேண்டாம் என்று சொல்ல வந்த மனிதருக்கு அந்த வசனத்தின் முதல் எழுத்தே மறந்துபோய்விட்டது.

"அந்தக் காப்பெட்டைத் தூக்கி எறிஞ்சால் என்ன?" என்று கேட்டார் இன்பமலர். "சீமெந்துத் தரையிலயும் நான் இருப்பன்தானே."

"எறியலாம்" என்றார் நிக்கலஸ். "ஆனால் எங்கட வீட்டில வடிவா இருக்கிறது அது ஒண்டுதான் மிஸ். நீங்கள் வரேக்க வடிவான ஒண்டிருக்க வேணும் எண்டு நினைச்சனான்."

இன்பமலர் குனிந்து ஒரு கடிதத்தில் முத்திரை குத்தினார். அது ஏற்கெனவே குத்தின கடிதம். பிறகு நிமிர்ந்து சொல்லத் தொடங்கினார், கொஞ்சம் அவசரமாகவே.

"உப்புப் போகுமட்டும் நல்ல தண்ணியில அலசுங்கோ. வடியிற தண்ணியை நாக்கில வச்சுப் பாருங்கோ. பிறகு மணமில்லாத சவர்க்காரத் தண்ணி. சின்னப் பிள்ளையளின்ர உடுப்புத் தோய்க்கிறதுக்கு விக்கினம், அதைக் கொஞ்சமாக் கரையுங்கோ. கம்பளிக்குச் சூட்டுத் தண்ணி கூடாது. முதல் ஒரு மூலையில போட்டுப் பாருங்கோ. மற்ற மூலையில, அதுதான் ஒண்டை எரிச்சுப்போட்டீங்களே. கடைசியாக் கொஞ்ச வினாகிரியைத் தண்ணியில கலந்து அலசினால் வாடை எடுபடும், வெயிலில அதின்ர மணமும் போயிடும். நல்லாக் காஞ்ச பிறகு அப்பச் சோடாவைத் தூவித் தட்டிவிடுங்கோ. தட்டேக்க வெளியில வச்சுத் தட்டுங்கோ." மூச்சு எடுத்துக்கொண்டார். "போத்தலில முன்பக்கத்துப் பூவை நம்பாதேங்கோ. பின்பக்கத்தை வாசியுங்கோ."

வீட்டுக்குப் போனதும் நிக்கலஸ் றோசாப் போத்தலைத் திருப்பிப் பார்த்தார். எறும்பு எழுத்தில் இருந்தது: சுவாச நோய் உள்ளவர்கள் இருக்கும் இடத்தில் பாவிக்க வேண்டாம். மனிதர் அந்தப் போத்தலை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். போத்தல் என்ன செய்யும், பாவம்.

மறுபடி றிகாஸ். அவன் கடையின் பின்பக்கத்தில் தேடி, தூசி தட்டி, ஒரு வெள்ளைப் போத்தலைக் கொண்டுவந்தான். "இதுல படமும் இல்ல, மணமும் இல்ல அண்ணன். அதனால ஒருத்தரும் வாங்குறதும் இல்ல." நிக்கலஸ் பின்பக்கத்தை ஒரு எழுத்து விடாமல் வாசித்த பிறகுதான் வாங்கினார்.

அன்றைக்கு மிச்சப் பொழுது முழுக்க அவரும் அன்னலட்சுமியும் கிணற்றடியில்தான். அவர் அள்ளி ஊற்ற, அன்னலட்சுமி விரலை நாக்கில் வைத்து, "இன்னும் இருக்குது" என்பார். மறுபடி ஊற்றுவார். ஒரு கட்டத்தில் கிணற்றில் வாளி அடித்தரையைத் தட்டும்போல வந்துவிட்டது. கடைசியில் அன்னலட்சுமி நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு, "தண்ணிதான்" என்றார். அதைக் கேட்டதும் நிக்கலஸ் கிணற்றுக் கட்டைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டார். நனைந்த சாரத்தோடு அந்த வயதில் ஒரு மனிதன் ஆடுவது பார்க்கக்கூடிய காட்சி இல்லை என்று அன்னலட்சுமி இன்றைக்கும் சொல்வார். பிறகு வெள்ளைப் போத்தல், பிறகு வினாகிரித் தண்ணீர், பிறகு மதிலில் போட்டு இரண்டு பக்கமும் மாறி மாறிக் கச்சான் காற்று. சனிக்கிழமை பொழுதுபட்டது. நிக்கலஸ் வெறுங்காலோடு கம்பளத்தில் ஏறி நின்றார். ஈரம் இல்லை. அப்பச் சோடாவை முற்றத்தில் வைத்துத் தூவித் தட்டினார். மூக்கை வைத்தார். கருவாடு இல்லை, றோசா இல்லை, கடலும் இல்லை. ஒரு மணமும் இல்லாதது இவ்வளவு நல்லாயிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. யன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. அன்னலட்சுமி தன் வீட்டுச் சாமியறையில் சாம்பிராணி போடாமல், கும்பிட்டுவிட்டு மட்டும் வந்திருந்தார். இன்பமலர் படலையைத் திறந்தார், படியேறினார், செருப்பைக் கழற்றினார், கம்பளத்தில் காலை வைத்தார். நின்று மெதுவாக ஒரு மூச்சு இழுத்தார். இன்னொன்று இழுத்தார்.

"நீலப் பூ" என்றார். கதிரையை விட்டுவிட்டுக் கம்பளத்திலேயே இருந்துகொண்டார். அன்னலட்சுமி அந்தோனியாரை மனதுக்குள் கும்பிட்டார், அவர் தன்னுடைய சாமி இல்லை என்பதையும் பார்க்காமல்.

அப்போது அறைக் கதவு திறந்தது. நிக்கலஸ் வந்தார். வெள்ளைச் சட்டை, கறுத்தக் காற்சட்டை, கையில் தேத்தண்ணித் தட்டம். அட பாவி மனிதா. ஒரு வாரம் ஒரு வீட்டையே மணமில்லாமல் ஆக்கியவர், கடைசி நிமிடத்தில் அலுமாரியைத் திறந்து, கட்டார்ச் சென்றைக் கழுத்தில், கையில், சட்டையில், போதாதென்று தலையிலும் அடித்துக்கொண்டு வந்திருந்தார். இந்த முறை நடுவில் கண்ணாடி இல்லை.

தட்டத்தை நீட்டக் குனிந்தார். இன்பமலர் வாயைத் திறந்தார், சொல் வரவில்லை, ஒரு விசில் சத்தம்தான் வந்தது. கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பி முற்றத்துக்கு ஓடினார். மாமரத்தடியில் நின்று பம்பை வாயில் வைத்து அடித்தார்.

நிக்கலஸ் கம்பளத்தைப் பார்த்தார். "காப்பெட்" என்றார். "இந்தச் சனியன்தான்." தட்டத்தை அன்னலட்சுமியிடம் திணித்துவிட்டுக் கம்பளத்தின் ஒரு முனையைப் பிடித்து வெளியே இழுக்கத் தொடங்கினார். இன்பமலர் அங்கிருந்தே கையை ஆட்டினார். இல்லை, இல்லை என்று ஆட்டினார். பிறகு விரலை நீட்டி அவரைக் காட்டினார். மனிதர் பின்னால் திரும்பிப் பார்த்தார், அங்கே யாரும் இல்லை. அன்னலட்சுமி ஒரு அடி கிட்ட வந்து மணந்தார்.

"தம்பி, நீதான்."

விளங்கியதும் மனிதர் ஓடினார். கிணற்றடிக்கு ஓடி, சட்டையோடு, கை மணிக்கூட்டோடு, ஒரு வாளியை அள்ளித் தலையில் ஊற்றினார். இன்னொன்று. இன்னொன்று. வெள்ளைப் போத்தலில் மிச்சம் இருந்ததையும் தலையில் கவிழ்த்து, சட்டைக்கு மேலால் தேய்த்து நுரையாக்கி, மறுபடி ஊற்றினார். இடைக்கிடை தோளை மணந்து பார்த்தார். மாமரத்தடியில் ஒரு சத்தம் கேட்டது. இழுப்பு கூடிவிட்டதாக்கும் என்று பதறித் திரும்பினார். இன்பமலர் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். மூச்சு நன்றாக வந்து போய்க்கொண்டிருந்தது.

நிக்கலஸ் தண்ணீர் சொட்டச் சொட்டப் படியடியில் வந்து நின்றார். இன்பமலர் அவரைக் கடந்து வீட்டுக்குள் போய்க் கம்பளத்தை இழுத்து நேராக்கினார்.

"பம்ப் அடிச்சிட்டீங்கள்" என்றார் நிக்கலஸ். தரையைப் பார்த்துத்தான் சொன்னார். "முடிஞ்சுது மிஸ். கோவம் இல்லை. சொன்னது சொன்னதுதானே."

"வீட்டுக்குள்ள அடிக்கேல்லையே. வெளியில நிண்டுதானே அடிச்சனான்" என்றார் இன்பமலர். "வீட்டுக்குள்ள எனக்கு ஒண்டும் செய்யேல்லை."

நிக்கலஸுக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. இறங்கியதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு படியில் காலைத் தூக்கி வைத்தார்.

"அங்கேயே நில்லுங்கோ. காப்பெட்டில ஏறாதேங்கோ, நனைஞ்சுபோகும்" என்றார் இன்பமலர். "இந்த வீட்டில தலை துவட்டுற துவாய் எங்க வைக்கிறனீங்கள்?"